ஆறுதல் என்கிற பிரச்னை

துக்கத்தினால் கடவுளிடம் திரும்பிய ஒரு நாவலாசிரியனை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்வி எனக்கு என் வீட்டிலேயே கிடைத்தது.

1996-ல், கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணியிலிருந்து என் தம்பி கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது புதிதல்ல. உடலில்லாமலே பூசை வைப்பார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மற்றவர்கள் தங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, அம்மா மட்டும் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சிலுவையடியில் ஒரு திரியை ஏற்றிவிட்டு நிற்பாள். கோயிலை விட்டுப் பத்து வருஷமாகியிருந்த நான் அவளுக்குத் துணையாகப் போனேன். மூன்றாவது வருஷம் நானும் முழங்காலிட்டேன். ஏன் என்று தர்க்கரீதியாகச் சொல்ல இன்றும் எனக்குத் தெரியாது.

அதன்பின் தம்பியைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். சுலபமாக வந்தது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில், மகனைப் பறிகொடுத்த தாய் பனிமய மாதாவின் முன் மண்டியிட்டு, கடலை மன்னித்து, எழுந்து வீட்டுக்கு நடக்கிறாள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏல, அதுக்குப் பெறவு அவ அழவே இல்லையா?"

நாவலைக் கட்டிப் பரணில் போட்டேன். தாஸ்தாயெவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்க'ளை மறுபடி எடுத்தது அதற்குப் பிறகுதான்.

அவருடைய கடைசி மகன் அல்யோஷா 1878 மே மாதம், மூன்று வயது நிரம்பும் முன்னே, வலிப்பில் இறந்தான். வலிப்பு தகப்பனின் நோய். தன் உடம்பே பிள்ளையைக் கொன்றது என்ற எண்ணத்தில் அந்த மனிதர் நொறுங்கிப் போனார். பத்து வருஷத்துக்கு முன் ஜெனீவாவில் ஒரு பெண் குழந்தையையும் பறிகொடுத்தவர் அவர். மனைவி அன்னா, இளம் தத்துவவாதி சொலொவியோவின் துணையோடு அவரை ஆப்தினா மடாலயத்துக்கு அனுப்பிவைத்தாள். அங்கே துறவி அம்புரோஸைச் சந்தித்துவிட்டு ஓரளவு அமைதியுடன் திரும்பினார். நாவல் 1879-ல் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியது. அதன் நாயகனுக்கு இறந்த மகனின் பெயர்.

துறவி ஜோசிமாவிடம் வரும் ஒரு குடியானவப் பெண்ணும் மூன்று வயதாகாத மகனை இழந்தவள். அவனும் அலெக்ஸி. ஜோசிமா முதலில் வழக்கமான ஆறுதலைத்தான் சொல்கிறார்: குழந்தை தேவதூதர்களோடு இருக்கிறது. இதையேதான் என் புருஷனும் சொல்கிறான் என்கிறாள் அவள். ஆறுதல் அங்கே தோற்கிறது. தோற்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. அதற்குப் பிறகே ஜோசிமா, ஆறுதலைத் தேடாதே, அழு என்கிறார்.

இங்கேதான் என் குற்றம் எனக்குத் தெரிந்தது. நடுச்சிலுவையடியில் எனக்கு ஏதோ ஆறுதல் கிடைத்தது உண்மை. அது தமையனுக்குக் கிடைத்தது. அதை எடுத்து, கேளாமல், ஒரு தாயின் தலையில் வைத்துவிட்டேன். விசுவாசி ஆறுதல் அடையலாம். அது அவனுக்கும் கடவுளுக்கும் உள்ள விவகாரம். பிறருக்குப் பதிலாக ஆறுதல் அடைய நாவலாசிரியனுக்கு உரிமை கிடையாது. தாஸ்தாயெவ்ஸ்கி தான் பெற்றதை அந்தப் பெண்ணிடம் நீட்டுகிறார். தள்ளிவிடும் சுதந்திரத்தையும் அவளுக்கே கொடுக்கிறார். போதாதென்று, வதைபடும் குழந்தைகளைச் சாட்சி வைத்துக் கடவுளின் உலகத்தையே மறுக்கும் வாதத்தை இவானுக்குக் கொடுக்கிறார். தன் பதில் போதுமா என்ற அச்சத்தை 1879 ஆகஸ்டில் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ஜோசிமா இறந்ததும் உடல் நாறுகிறது. கடைசியில் இன்னொரு சிறுவன் சாகிறான். தகப்பன் அவன் கல்லறையில் குருவிகளுக்காக ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறான்.

இந்த ஊரில் உடனே ஒரு உவமையை எடுத்துக் கொடுப்பார்கள்: சிப்பிக்குள் உறுத்தல், உறுத்தலிலிருந்து முத்து. துக்கத்திலிருந்து கலை. 1961-ல் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் முதலில் சொல்வது நாற்றத்தை. சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தைத் தேட வேண்டும். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. உவமைக்காரர்கள் இந்த அழுகலை விட்டுவிடுகிறார்கள். நானும் என் கடைசி அத்தியாயத்தில் விட்டிருந்தேன்.

எங்கள் கரையிலேயே இதை விடாத ஒரு நாவல் உண்டு. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004). மரம் சிதைந்து மூன்று பேர் கடலில் மிதக்கிறார்கள். மற்றவர்கள் பிழைக்கட்டும் என்று கிழவர் கையை விடுகிறார். எந்தப் பிரசங்கமும் அந்தச் செயலுக்கு ஈடாகாது. ஆனால் அதனால் கடல் யாரையும் திருப்பித் தந்துவிடவில்லை. விசுவாசம் அங்கே ஒரு செயலாக இருக்கிறது, துக்கமும் துக்கமாகவே இருக்கிறது.

ஆறுதல் தராத விசுவாசம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோயிலை விட்டிருந்த காலத்தில் தம்பியின் சாவு ஒரு விபத்து. யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை. திரும்பி வந்த பிறகு கேட்க ஆள் இருக்கிறது. பதில் வரவில்லை. ஆனால் கேட்கிறேன்.

அம்மா இப்போது இல்லை. அவளுக்குக் கல்லறை இருக்கிறது. நவம்பர் 2 அன்று இரண்டு திரி வாங்குகிறேன். ஒன்று அவளுக்கு, மற்றது நடுச்சிலுவையடிக்கு. பரணிலிருந்து நாவலை இறக்கி அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் வைக்க வேண்டியதை இன்னும் எழுதவில்லை.