சிபாரிசு தர்மமாகுமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், பெற்றோர் பலரின் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: ‘நமக்குத் தெரிந்த பெரிய மனிதர் யார்?’ சித்தூரிலும் திருப்பதியிலும் இக்கேள்வி எழுவது மேலும் இயல்பே. திருமலையில் விரைவாகத் தரிசனம் பெற, மக்கள் பிரதிநிதிகளின் சிபாரிசுக் கடிதத்தோடு வருவோரை அவ்வூரார் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றனர். சந்நிதிக்கே உதவும் கடிதம் கல்லூரிக்கு உதவாதா?

இரண்டிற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தரிசனத்தில் ஒருவர் முந்தினால், மற்றவர் சற்றுக் கூடுதலாகக் காத்திருக்கிறார், அவ்வளவே. கல்லூரியிலோ இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. தகுதியற்ற ஒருவர் உள்ளே நுழைந்தால், தகுதியுள்ள ஒருவர் வெளியே நிற்கிறார். அவருடைய முகம் நமக்குத் தெரிவதில்லை. முகம் தெரியாதவருக்கு இழைக்கும் அநீதி மனத்தை உறுத்துவதில்லை. அதனாலேயே அது அபாயமானது.

இதை உணர்ந்தே விதிகள் வகுக்கப்பட்டன. ஆந்திரப் பிரதேசத்தில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம், கல்லூரிச் சேர்க்கைக்காக நன்கொடை பெறுவதைத் தடை செய்தது. 1986 முதல் பொறியியல், மருத்துவம் முதலிய படிப்புகளுக்கு ‘எம்செட்’ பொது நுழைவுத் தேர்வு வந்தது. இன்று திருப்பதி ஐ.ஐ.டி.யின் பி.டெக். படிப்பிற்கு ஜே.இ.இ. தேர்வு, 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரிக்கு நீட் தேர்வு. தரவரிசை, இடஒதுக்கீட்டு விதி, மாணவரின் விருப்பப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டே கலந்தாய்வில் இடம் முடிவாகிறது. கடிதத்திற்கு அங்கு வேலையில்லை. ‘அங்கே இடம் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர், தம்மிடம் இல்லாததையே விற்கிறார்.

அப்படியானால் தெரிந்தவரின் சொல் எப்போதுமே அதர்மமா? சித்தூர் மாவட்டம் உருவான 1911-இல் அது சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. அக்காலத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் ராமானுஜன். அவர் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், பட்டம் இல்லாதவர். அவருடைய கணிதத்தைப் பார்த்த கில்பர்ட் வாக்கர், சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். 1913-இல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அதுவும் சிபாரிசுதான். அதை யாரும் குறை கூறுவதில்லையே, ஏன்?

நியாய சாஸ்திரம் இதற்கு விடை தருகிறது. ஆப்தரின் சொல்லை அது பிரமாணமாக ஏற்கிறது. பொருளை உள்ளபடி அறிந்து, அறிந்தபடியே உரைப்பவர் ஆப்தர். வாக்கர் கணிதம் வல்லவர், கண்டதை எழுதினார். ‘இவரிடம் இத்திறமை உள்ளது’ என்பது சாட்சி. ‘இவர் எனக்கு வேண்டியவர்’ என்பது செல்வாக்கு. முன்னது தீர்மானிப்பவருக்கு அறிவைத் தருகிறது. பின்னது அவருடைய சுதந்திரத்தைப் பறிக்கிறது. எழுதியவரின் பதவியை மறைத்துவிட்டுக் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். மாணவரைப் பற்றி அதில் ஏதேனும் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அது சாட்சி.

‘எல்லோரும் செய்யும்போது நாம் மட்டும் ஒதுங்கினால், பிள்ளையின் எதிர்காலம் என்னாவது?’ என்று தந்தை கேட்கலாம். அந்த அன்பு பொய்யல்ல. ஆனால் குறுக்கு வழியில் பெற்ற இடத்தில் அமரும் பிள்ளை, ‘இது என் உழைப்பால் வந்ததா?’ என்ற ஐயத்தையும் உடன் சுமக்கிறான். அதை எந்தப் பட்டமும் போக்காது.

அறிமுகங்கள் வேண்டாம் என்பதல்ல. விண்ணப்பம் நிரப்பவும், படிப்பைத் தேர்ந்தெடுக்கவும், கட்டணத்திற்கு உதவி தேடவும் வழிகாட்ட யாருமில்லாத கிராமத்து மாணவர்கள் பலர். நமக்குத் தெரிந்த பெரிய மனிதரை அவர்களிடம் அழைத்துச் செல்வோம். பிறர் இடத்தைப் பறிக்காத செல்வாக்கே சேவையாகிறது.