காலுக்கும் வயிறு உண்டு

மனித உடலைக் காட்டிச் சமுதாயத்துக்கு நீதி சொல்லும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. 494-ஆம் ஆண்டில், கடன் சுமையால் நொந்த ரோமாபுரியின் எளிய மக்கள் நகரை விட்டு வெளியேறி ஒரு குன்றில் தங்கினார்கள். அவர்களைச் சமாதானம் செய்யச் சென்ற மெனேனியஸ் அக்ரிப்பா ஒரு கதை சொன்னதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வயிறு சும்மா இருந்து தின்கிறதென்று கையும் வாயும் பல்லும் வேலைநிறுத்தம் செய்தனவாம். முடிவில் உடல் முழுவதும் வாடியதாம். வயிறு பிரபுக்கள், உழைக்கும் உறுப்புகள் மக்கள். பாரத தேசத்திலோ ரிக்வேதத்துப் புருஷ சூக்தம் நான்கு வருணங்களையும் ஒரு பெரும் புருஷனின் வாய், தோள், தொடை, பாதம் ஆகியவற்றோடு பொருத்தியது. அம்பேத்கர் 1946-இல் வெளியிட்ட சூத்திரர் பற்றிய தமது நூலில் அந்தச் சூக்தத்தையே விசாரணைக்கு எடுத்தார்.

உடல் உண்மையில் எவ்வாறு இயங்குகிறது? திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியில், புல்மோட்டைக் கரையில், கரைவலை இழுக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஓய்ந்திருக்கையில் அவருடைய இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தை இறைக்கிறது. அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தசைகளுக்குச் செல்கிறது. சிறுநீரகங்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு. கயிறு இறுகி, இழுவை கடுமையானதும் கணக்கு மாறுகிறது. தசைகளின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் செல்லும் குழாய்கள் சுருங்குகின்றன. உழைப்பின் உச்சத்தில், பெருகிவரும் இரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை தசைகளுக்கே போய்ச் சேர்கிறது. அக்ரிப்பா போற்றிய வயிறு அந்த வேளையில் தன் பங்கை விட்டுக்கொடுத்து ஒதுங்குகிறது. அனைவருக்கும் இறைக்கும் இருதயம் ஓய்வு வேளையில் தனக்கென எடுப்பதோ நூற்றுக்கு 5 அளவுதான்.

உடலே பொதுவுடைமை பேசுகிறது என்று மேடையேறி முழங்க நம்மில் பலருக்குத் தோன்றும். சற்றுப் பொறுக்க வேண்டும். அதே உடல் வேறு சாட்சியமும் சொல்கிறது. ஆழமான வெட்டு விழுந்து இரத்தம் பெருகினால், அது தோலையும் குடலையும் வாடவிட்டு மூளையையும் இருதயத்தையும் காக்கிறது. நீண்ட பட்டினியில் உழைத்த தசைகளையே கரைத்து உண்கிறது. செங்குருதிக் கலங்கள் சுமார் 120 நாளில் அழிக்கப்படுகின்றன. அவற்றிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. உடலைச் சமுதாயத்தின் சட்டமாக ஏற்றால் இவற்றையும் ஏற்கத்தான் வேண்டும். நாஜிகள் அதைத்தான் செய்தார்கள். தேசத்தை ஓர் உடலென்றும் யூதரையும் தீராத நோயாளரையும் அதைக் கெடுக்கும் கிருமியென்றும் சுமையென்றும் பேசியே கொன்று குவித்தார்கள்.

பிழை உவமையின் வேரிலேயே இருக்கிறது. கைக்குத் தனியாக வலி கிடையாது. கை நொந்தால் நோவது மனிதன். காலுக்குத் தனிப் பசி இல்லை, பிள்ளைகள் இல்லை, நாளையைப் பற்றிய கவலை இல்லை. ஆதலால் ஓர் உறுப்புக்கு எவரும் அநீதி செய்துவிட முடியாது. கரைவலை இழுப்பவருக்கும் கனிய மணல் அள்ளுபவருக்குமோ சொந்தமாக ஒரு முழு உடல் இருக்கிறது. குடல் செரித்தது இரத்தத்தில் கலந்து, கேட்காமலே கால்விரல் வரை போகிறது. சம்மாட்டி உண்ட சோறு வலை இழுத்தவரின் இரத்தத்தில் ஊறுவதில்லை. ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்குத் தானாக ஓடும் நாளம் எதையும் இயற்கை படைக்கவில்லை. நியாயமான கூலி, பங்கு, சட்டம், சங்கம் என்று அந்த வாய்க்காலை மனிதரே வெட்டியாக வேண்டும்.

உடற்றொழிலியலைக் கற்பிக்கும் நாம், உறுப்புகளின் ஒற்றுமையை வியந்தவுடன், 'அவரவர் இடத்தில் அவரவர் இருப்பதே தர்மம்' என்று பாடத்தை முடித்துவிடலாகாது. அந்த வாக்கியம் விஞ்ஞானத்திலிருந்து பிறந்ததன்று; வேறிடத்திலிருந்து வந்து விஞ்ஞானத்தின் சட்டையை அணிந்துகொண்டது.

ரோமாபுரியின் எளியவர்கள் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பவில்லை. தங்களைக் காக்கத் தங்களவரான திரிபியூன்கள் என்னும் அதிகாரிகள் அமர்த்தப்படுவார்கள் என்ற உடன்பாட்டைப் பெற்ற பின்னரே திரும்பினார்கள் என்பதையும் அதே லிவிதான் எழுதியிருக்கிறார்.