உட்புறந் திரும்பிய மோதிரம்

மணி பதித்த மோதிரத்தை இக்காலத்தார் அழகின்பொருட்டுத் தரிப்பர். சிலர் கோள்களின் தீமை நீங்குதற்பொருட்டுத் தரிப்பர். பிள்ளை பரீட்சையிலே தேறவேண்டுமென்று குருவுக்குரிய புட்பராகத்தை வாங்கி அதன் விரலில் இடும் பெற்றோரையும் காண்கின்றோம். கோளறு திருப்பதிகத்தை ஓதிவரும் நாம் அவர்க்குச் சொல்லும் விடையை வேறெங்குந் தேடவேண்டுவதில்லை, அது நிற்க.

பண்டையோர்க்கு மோதிரம் முதற்கண் ஒரு சான்று. எழுதத் தெரிந்தவர் சிலராயிருந்த காலத்திலே, ஓலை தன்னுடையதே என்று காட்டுதற்கு ஒருவன் மெழுகின்மீதாயினும் களிமண்ணின்மீதாயினும் தன் மோதிரத்தை அழுத்தினான். உரோமர் சூதுபவளத்தை முத்திரைக்கு விரும்பிக் கொண்டமைக்கு அதன் செந்நிறம் மாத்திரங் காரணமாகாது. மெழுகு அக்கல்லிலே ஒட்டாது. பொறித்த உருவமும் தெளிவாய்ப் பதியும். இங்ஙனமாகவே மோதிரத்தைக் களவு செய்தவன் ஒருவனுடைய வாக்கையே களவு செய்தவனாயினான். முத்திரை வெட்டுவோன் தான் விற்ற மோதிரத்தின் பதிவைத் தன்னிடம் வைத்திருத்தலாகாது என்று ஏதென்சு நகரத்துச் சோலோன் சட்டஞ் செய்ததாகக் கூறுவர். முத்திராராட்சசம் என்னும் வடமொழி நாடகத்தின் பொருளும் இதுவே. அமைச்சனாகிய இராட்சசனுடைய மோதிரம் சாணக்கியன் கையிற் சேர்ந்தது. சேரவே, அவன் கருதாத ஓலை அவனுடைய ஓலையாயிற்று. அவனை நம்பியிருந்த மலயகேதுவும் அவனை வெறுத்தான்.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலே, 1980ஆம் ஆண்டில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்த பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் ஒரு முத்திரை வெளிப்பட்டது. மோதிரத்தின் முகப்பாயிருந்ததென்று கருதப்படும் அதிலே, குறியீடுகள் ஒரு வரியும் பிராமி எழுத்துக்கள் ஒரு வரியும் உள்ளன. இறந்தவரோடு அதனையும் நிலத்துள் வைத்துவிட்டார்கள். இதற்கு மாறாக, பிணத்தின் கையினின்றும் மோதிரத்தைக் கழற்றிக்கொண்ட ஒருவனுடைய கதையைப் பிளேட்டோ என்னும் யவன ஞானி தமது குடியரசு என்னும் நூலின் இரண்டாம் புத்தகத்திலே அமைத்திருக்கின்றார்.

லிதியா நாட்டரசனுடைய மந்தையை மேய்த்த இடையனொருவன், பூகம்பத்தால் நிலம் பிளந்தவிடத்திலே இறங்கினான். அங்கே வெண்கலக் குதிரையொன்றும், அதனுள்ளே பேருருவினதாகிய ஒரு பிணமும், அதன் கையிலே பொன்மோதிரமுங் கண்டான். அதனைக் கவர்ந்து தரித்துக்கொண்டு இடையர் கூட்டத்திலிருந்தபோது, மோதிரத்தின் முகப்பைத் தற்செயலாக உள்ளங்கைப்பக்கந் திருப்பினான். உடனே அருகிருந்தார் கண்ணுக்கு அவன் மறைந்தான்; வெளியே திருப்பத் தோன்றினான். அவ்வளவே. பின்பு அரண்மனை புகுந்து, அரசியைத் தன்வயப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைக் கைக்கொண்டான். “இன்னான் இது செய்தான்” என்று உலகறியக் காட்டுதற்கு ஏற்பட்ட முகப்பு, “செய்தவன் எவன்” என்று தெரியாமல் மறைத்தற்குக் கருவியாயினமை கருதத்தக்கது.

இக்கதையைக் கூறிய கிளாக்கன் என்பவன் ஒரு வினாவை எழுப்புகின்றான். நீதிமானுக்கும் அநீதிமானுக்கும் இத்தகைய மோதிரம் ஒவ்வொன்று கிடைக்குமாயின், இருவரும் ஒரே வழியிற் செல்லாரோ என்பது அவ்வினா. இது யவனர்க்கு மாத்திரம் உரியதென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ஆசிரியர் வகுப்பறையினின்றும் வெளிப்பட்ட கணத்திலே பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அம்மோதிரம் கிடைத்துவிடுகின்றது. பாடசாலையைப் பார்வையிடுவார் வாராத நாளிலே நமக்கும் அது கிடைக்கின்றது.

உயிர்க்குயிராய் உள்நின்றருளுஞ் சிவபெருமானுக்கு ஒருவரும் மறைந்திருத்தல் கூடாது. ஆதலின் அம்மோதிரம் பயனில்லாதது என்பது நம்மவர் உடனே கூறும் விடை. அது மெய்யே. ஆயினும், “அங்ஙனமாயின் உங்கள் சைவன் நீதியை விரும்பினானல்லன், பெரிய காவலனொருவனுக்கு அஞ்சினான்” என்று கிளாக்கன் மறுப்பானாயின் யாது சொல்வோம்? பிரம்புக்கு அஞ்சும் பிள்ளையைக் கடவுளுக்கு அஞ்சும் பிள்ளையாக மாற்றியதோடு நம் சமயபாடம் நிறைவேறிற்றென்று பலர் எண்ணிவிடுகின்றனர். அச்சம் முதற்படியாதல் கூடும். சிறுவர்க்கு அப்படி வேண்டியதே என்பது என் கருத்து. அப்படியிலேயே அவரை நிறுத்திவிடுதலோ பெருங்குறை.

அவனுக்கு விடை சோக்கிரதருடைய நீண்ட வாதத்தினும் திருப்புகலூர்த் திருமுற்றத்திலே எளிதாய்க் கிடைக்கின்றது. அங்கே திருநாவுக்கரசு நாயனார் உழவாரத் திருத்தொண்டு செய்துகொண்டிருந்தபோது, அவர் செதுக்குமிடமெங்கும் பொன்னும் நவமணியும் பொலிந்து தோன்றும்படி பெருமான் செய்தருளினார். பிறர் பார்க்கின்றாரோ என்று அவர் திரும்பி நோக்கவில்லை. பெருமான் பார்க்கின்றார் என்று அஞ்சிக் கையை இழுத்துக்கொள்ளவுமில்லை. பருக்கைக்கற்களோடு அவற்றையும் உழவாரத்தால் ஏந்தி வாவியிலே எறிந்தார். கவரத்தக்கதொன்றும் அவர் கண்ணிற் படாமையால், ஆங்குக் காவலுக்கும் வேலையில்லையாயிற்று.

ஆசிரியர்கள் இவ்விரு சரித்திரங்களையும் ஒரே பாடவேளையில் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்ப்பார்களாக. பிணத்தின் கையை நோக்கிய இடையன் கண்டது யாது, மண்ணை நோக்கிய நாயனார் கண்டது யாது என்று பிள்ளைகளையே வினவுக. விடையை விரைந்து எடுத்துக்கொடாது சிறிதுநேரம் பொறுத்திருக்க.