முன்னறிவு என்னும் அமானிதம்

திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று நிலவியலார் கணிக்கும் அவற்றை, 1781-ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்னும் ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் குறித்து வைத்தார். வேர் இல்லை, கிளை இல்லை, அடிமரங்கள் மட்டுமே படுத்த நிலையில் உள்ளன. ஆகவே அவை அங்கு வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் அடித்து வந்து சேர்த்தவை என்பது அறிஞர் முடிபு. அந்த வெள்ளத்தை முன்னறிந்து உரைக்க அன்று எவரும் இலர். உரைக்காமைக்காகப் பழிக்கத் தக்கவரும் இலர். மனிதன் முன்னறியத் தொடங்கிய பின்னரே வெள்ளம் அறத்தைப் பற்றிய வினாவும் ஆயிற்று.

அந்த வினா அண்மையில் அதே வட்டாரத்தில் மீண்டும் எழுந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சிவப்பு எச்சரிக்கை முன்னரே விடப்பட்டிருந்தது. எனினும் கரையேறிய புயல் பல மணி நேரம் நகராது நின்றுவிட, திருவக்கரைக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அது. பின்னர் மேற்கே நகர்ந்த மழை ஊத்தங்கரையையும் நனைத்து, சாத்தனூர் அணையை நிரப்பிற்று. டிசம்பர் 2 விடியுமுன், ஊர் உறங்கும் வேளையில், வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கரையோரச் சிற்றூர்கள் பல மூழ்கின. அரசூரில் நெடுஞ்சாலையை வெள்ளம் மறித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்கள் நின்றன.

முறைப்படி ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. போதிய அறிவிப்பின்றித் திறந்தனர் என்றன எதிர்க்கட்சிகள். தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. இரு தரப்பாரும் தொடாத ஒன்றையே நாம் எண்ணுகிறோம்: எச்சரிக்கை விடுவதும் எச்சரிக்கை போய்ச் சேர்வதும் ஒன்றாகுமா?

ஆகாது என்பதற்கு ஸ்பெயின் நாட்டு வலென்சியா சான்று. 2024 அக்டோபர் 29 காலையிலேயே அங்கு வானிலைத் துறை உச்ச எச்சரிக்கை விடுத்தது. மக்களின் கைபேசிகளுக்கு அபாய அறிவிப்பு வந்ததோ இரவு 8 மணிக்குப் பிறகு. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறிவு இருந்தது, அது உரியவரிடம் உரிய வேளையில் ஒப்படைக்கப்படவில்லை. அமானிதம் என்பது வைத்திருப்பதால் நிறைவேறுவதன்று, ஒப்படைப்பதாலேயே நிறைவேறுவது.

ஆனால் அறிந்தவனுக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மழைக்கும் வெள்ளத்திற்கும் இடையே ஆறு மணி நேரத்திற்குட்பட்ட அவகாசமே இருப்பதைத் திடீர் வெள்ளம் என்பர். 2020 அக்டோபரில் இந்திய வானிலைத் துறை தொடங்கிய தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பு, மண் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது, இன்னும் எவ்வளவு மழை பெய்தால் ஓடை கரை புரளும் என்று கணக்கிட்டு, ஆறு மணி நேரத்திற்கு முன்னதாக அபாயத்தையும் இருபத்து நான்கு மணி நேரத்திற்கு முன்னதாக அதற்கான வாய்ப்பையும் கூறுகிறது. அது கூறுவது 'வரலாம்' என்பதே, 'வரும்' என்பதன்று. உறுதி வரும்வரை காத்திருந்தால் வெள்ளமும் உடன் வந்துவிடும். சாலை அறுபட்ட பின் மீட்புப் படையினரிடம் படகு இருந்தும் பயன் என்ன? 'வரலாம்' என்ற சொல்லை நம்பி அவர்கள் முன்னரே புறப்பட்டாக வேண்டும். அவ்வாறு புறப்பட்ட சில நாட்களில் வெள்ளம் வராமலும் போகும்.

அந்தப் பொய்த்த எச்சரிக்கையின் விலையை யார் கொடுப்பது? மாடிவீட்டாருக்கு அது ஓர் இரவின் உறக்கம். ஆற்றங்கரைக் குடிசையில் வாழும் கூலித் தொழிலாளிக்கோ அது ஒரு நாள் கூலி; பூட்டில்லாத வீட்டையும் ஆட்டையும் விட்டுச் செல்லும் அச்சம். அவர் எழ மறுத்தால் அறியாமை என்று இகழ்கிறோம். அவர் செய்வது அறியாமையன்று, கணக்கு. அந்தக் கணக்கில் இழப்பு முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டு, அவரை மட்டும் குறை கூறுவது எவ்வாறு நீதியாகும்?

எனவே கடமை மூவருக்கு உண்டு. அறிந்தவர், ஐயத்தோடாயினும் உரிய வேளையில் உரைத்தல் வேண்டும். ஆள்வோர், அதனைக் கடைசிக் குடிசை வரை சேர்த்து, அன்றைய உணவுக்கும் உடைமைக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். மூன்றாமவர் நாம். 2015-இல் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்கள் மதம் பாராது கதவு திறந்தன. வெள்ளம் வந்த பின் செய்த அந்த நற்செயலை, வருமுன் செய்யப் பழகுதல் வேண்டும். நள்ளிரவில் அறிவிக்க ஒலிபெருக்கியும், முதியோரை அழைத்து வர இளைஞரும், தங்க ஒரு கூடமும் எந்த ஜமாஅத்திற்கும் அரிதல்ல.

வெள்ளம் வராத மறுநாள் காலை, வீணாக எழுப்பினாரே என்று எவரையும் ஏசாதிருப்போமாக. இன்று ஏசப்பட்டவர் நாளை வாய் திறக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலை உயிர்.