28-ஆம் நாள்

தாய்ப்பன்றி ஏறக்குறைய மணிக்கொரு முறை குட்டிகளைப் பாலுக்கு அழைக்கும். அடித்தொண்டையில் ஓர் உறுமல், மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். குட்டிகள் முட்டிமோதிக்கொண்டு ஓடிவந்து, பிறந்த சில நாட்களிலேயே தமக்கென்று பிடித்துவைத்துக்கொண்ட காம்பைப் பற்றும். முகத்தால் மடியை இடித்துக்கொண்டே இருக்கும். இத்தனை ஆரவாரத்துக்கும் பால் இறங்குவது சுமார் 20 விநாடி. அதைத் தவறவிட்ட குட்டிக்கு அடுத்த அழைப்புவரை பட்டினிதான்.

அந்தப் பாலில் இருப்பது சாப்பாடு மட்டுமல்ல. மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்களில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. பன்றியின் நஞ்சுக்கொடி அவற்றை உள்ளே விடுவதில்லை; குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள், சீம்பாலின் எதிர்ப்பொருள்களை அதன் குடல் அப்படியே ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். அதன்பின் பாலோடு இறங்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள் குடலின் உட்சுவரைக் காத்து நிற்கும், பால் உள்ளவரை. குட்டிக்குச் சொந்த எதிர்ப்பாற்றல் முதிர இன்னும் பல வாரங்கள் வேண்டும்.

தன்போக்கில் விட்டால் பன்றிக்குட்டி பால் மறக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 28 நாள் என்கிறது. முற்றிலும் கழுவிச் சுத்தம் செய்த தனிக் கொட்டில் இருந்தால் 21 நாளிலும் பிரிக்கலாம். பன்றிகளைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்ட சட்டம் அது.

தாய் தந்த காவல் நின்றுவிட்டது, சொந்தக் காவல் இன்னும் வரவில்லை. சரியாக அந்த இடைவெளியில் குட்டியைத் தூக்கி, முன்பின் தெரியாத குட்டிகளோடு, புதிய கொட்டிலில், உலர்தீவனத் தொட்டியின் முன் விடுகிறார்கள். பல குட்டிகள் முதல் நாள் முழுக்க அதில் வாய் வைப்பதில்லை. உணவு வராத குடலில், சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற நீட்சிகள் சில நாட்களிலேயே குட்டையாகிவிடும். செல்களுக்கு இடையே உள்ள இறுக்கம் தளரும். எஃப்4, எஃப்18 எனப்படும் இழைகளைக் கொண்ட ஈ. கோலி பாக்டீரியா அங்கே ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். தண்ணீராகக் கழிச்சல், கண் குழிவிழும், விலா எலும்பு தெரியும், சில குட்டிகள் செத்துப்போகும். காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. மருந்து மட்டும் வேறெங்கோ தேடப்பட்டது.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள். முதலில் ஆட்டிய கை ஆன்டிபயாட்டிக். நோய்க்கென்று இல்லாமல், குட்டி சீக்கிரம் கொழுக்கட்டும் என்றே தீவனத்தில் சிறிதளவு கலந்தார்கள். ஸ்வீடன் 1986-இல் இதை நிறுத்தியது. ஒன்றியம் முழுக்க நிற்க 2006 ஆனது. இடையில், 1995-இல், டென்மார்க் அவோபார்சின் என்ற மருந்தைத் தடைசெய்தது. அதைத் தின்று வளர்ந்த கால்நடைகளின் குடலில், வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற பாக்டீரியா பெருகியிருந்தது. வான்கோமைசின், மருத்துவமனைகள் கடைசி நேரத்துக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த மருந்து.

அடுத்த கை ஜிங்க் ஆக்சைடு. கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம், சுமார் இரண்டு வாரம். சத்துக்காகக் கலக்க ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவோ 150 தான். கழிச்சல் நன்றாகவே கட்டுப்பட்டது, மறுக்க முடியாது. ஆனால் குட்டியின் உடம்பில் சேராத துத்தநாகம் சாணத்தோடு வயலுக்குப் போய் அங்கேயே தங்கியது. 2022 ஜூனில் அதற்கும் முற்றுப்புள்ளி.

புரோபயாட்டிக் இவற்றுக்குப் பின்னால் வெகுகாலமாக வரிசையில் நின்றது. உயிருள்ள பாக்டீரியாவையே தீவனத்தில் கலப்பது. எச்சம் கிடையாது, கெட்ட பெயரும் கிடையாது. ஐரோப்பாவில் பன்றிக்குட்டிகளுக்கு அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று என்சிஐஎம்பி 10415 என்ற எண் கொண்ட திரிபு. அது எந்த இனமாக வகைப்படுத்தப்பட்டிருந்தது? என்டரோகாக்கஸ் ஃபீசியம். மருத்துவமனையை மிரட்டிய அதே இனத்தின் சாதுவான உறவினர். நுண்ணுயிர்களுக்கு இனத்தை வைத்து நடத்தைச் சான்றிதழ் கொடுக்க முடியாது என்பதை நினைவூட்ட இதுவே போதும்.

பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தத் திரிபைத் தாய்க்கும் குட்டிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவுகள் தெம்பூட்டின. தாயிடமிருந்து குட்டிக்குத் தொற்றும் கிளமிடியா குறைந்தது. நோய் உண்டாக்கும் சில ஈ. கோலி வகைகளும் குறைந்தன. குடலின் மேற்தோலில் காவல் நிற்கும் சிடி8 டி செல்களின் எண்ணிக்கையும் குறைவாக இருந்தது. எதிரி குறைந்ததால் காவலும் குறைந்தது என்று அப்போது இதற்கு நல்லவிதமாகவே பொருள் கொள்ள இடமிருந்தது.

பிறகு அதே திரிபை ஊட்டி, 28 நாளில் பால் மறக்கடித்த குட்டிகளுக்கு வாய்வழியாக சால்மோனெல்லா டைஃபிமூரியம் கொடுத்தார்கள். 2009-இல் வெளிவந்த முடிவு இது: புரோபயாட்டிக் தின்ற குட்டிகள் தின்னாதவற்றைவிட அதிகமான சால்மோனெல்லாவை மலத்தில் வெளியேற்றின, உறுப்புகளிலும் அது அதிகமாகக் குடியேறியிருந்தது. கூடவே, அவற்றின் ரத்தத்தில் சால்மோனெல்லாவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் அதிகம்.

இந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்துத் தீவனப் பையில் அச்சிட்டால் 'நோய் எதிர்ப்பு சக்தி கூடுகிறது' என்றாகும். பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது. கிருமி ஆழமாக நுழைந்தால் உடம்பு அதிகமாக எதிர்வினை காட்டத்தான் செய்யும். அந்த எதிர்வினையை மட்டும் அளந்துவிட்டுக் கிருமியை அளக்காமல் விட்டவர்களுக்கு எல்லாம் வெற்றியாகவே தெரியும். பெர்லின்காரர்கள் இரண்டையும் அளந்தார்கள், இரண்டையும் எழுதினார்கள்.

அளவும் விளையாட்டு காட்டுகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக்கில் லிஜுவான் யுவான் குழு, தாயின் கருப்பையை அறுத்தெடுத்து, கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குட்டிகளுக்கு ரோட்டா வைரஸ் சொட்டுமருந்தும் லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் பாக்டீரியாவும் கொடுத்துப் பார்த்தது. 2012-இல் அவர்கள் கண்டது: குறைந்த அளவு கொடுத்தபோது தடுப்பு மருந்துக்கான டி செல் எதிர்வினை வலுத்தது. அதிக அளவு கொடுத்தபோது எதிர்வினையை அடக்கிவைக்கும் செல்களே பெருகின. மனிதக் குழந்தைக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில்தான் இந்தக் குட்டிகள் தாய்முகம் பார்க்காமல் வளர்ந்தன. கோடிக்கணக்கில் பாக்டீரியா என்று மாத்திரை அட்டையில் பெருமையாகப் போடுகிறவர்கள் இதைப் படித்திருக்கிறார்களோ என்னவோ.

புரோபயாட்டிக் வீண் என்பதல்ல இதன் பொருள். எந்தத் திரிபு, எவ்வளவு, எந்தக் கிருமிக்கு எதிராக, எந்த வயதில் என்று கேட்காமல் பதில் இல்லை. கேட்கப்படாத இன்னொரு கேள்வி உண்டு. அது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பன்றியின் சினைக்காலம் சுமார் 115 நாள். குட்டிகளைப் பிரித்த ஐந்தாறு நாளில் தாய் மறுபடி பருவத்துக்கு வரும். 28 நாளில் பிரித்தால் ஒரு சுற்று ஏறத்தாழ 148 நாள், ஆண்டுக்கு இரண்டரை ஈற்று. ஒன்றியத்தின் இயற்கைப் பண்ணை விதி 40 நாள் தாய்ப்பால் கேட்கிறது. அப்போது சுற்று 160 நாள், ஆண்டுக்கு 2.3 ஈற்றுக்குச் சற்றுக் குறைவு. இழப்பு ஐந்தில் ஒரு ஈற்று, அதாவது தாய் ஒன்றுக்கு இரண்டு, மூன்று குட்டிகள். 40 நாளிலும் கழிச்சல் அறவே ஒழிந்துவிடாது. ஆனால் அந்த இரண்டு, மூன்று குட்டிகள் பண்ணையின் வரவில் ஏறுகின்றன. வயலில் தங்கிய துத்தநாகமும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் எந்தப் பண்ணையின் செலவிலும் ஏறுவதில்லை.