பெரட்டுக்குப் பார்க்காத நல்ல நேரம்

கெடாவின் பீடோங்கிலிருந்து லங்காவித் தீவுக்குப் போவது பெரிய காரியம் இல்லை. கோலக்கெடா படகுத்துறைக்குக் காரில் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஃபெரியில் குவா நகரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். செப்டம்பர், அக்டோபரில் மழையும் அலையும் கூடுதல். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வானம் தெளிவு. பள்ளி விடுமுறை எப்போது, அப்பாவுக்கு லீவு கிடைக்குமா, ஹோட்டல் அறைக்கு எத்தனை வெள்ளி என்று பார்த்துவிட்டால் திட்டம் முடிந்தது. நம் வீடுகளில் அப்படி முடிவதில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டி கழன்று மேசைக்கு வந்துவிடுகிறது. அஷ்டமியா, நவமியா? கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், லங்காவியோ வடமேற்கில் இருக்கிறது; வாயில் வெல்லம் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அதற்கு முன் வாசலைத் தாண்டு, இல்லாவிட்டால் பன்னிரண்டு அடிக்கும் வரை உட்கார்ந்திரு.

அந்தக் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பகலை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ஆகாது என்று ஒதுக்குவதுதான் ராகு காலம். வெள்ளிக்கிழமைக்கு நான்காம் பங்கு. காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊரில் அது பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். பீடோங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறது. ஏழேகாலுக்கு உதிக்கும் நாளில் அதே நான்காம் பங்கு பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்குத்தான் முடியும். பன்னிரண்டு அடித்ததும் "ராகு போய்விட்டது" என்று காரை எடுக்கிற குடும்பம், சோதிடத்தின் சொந்தக் கணக்குப்படியே ராகு காலத்துக்குள் புறப்படுகிறது. வருடக்கணக்காக அப்படித்தான் புறப்பட்டிருக்கிறது. பத்திரமாகப் போய், பத்திரமாகத் திரும்பியும் இருக்கிறது.

1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் இங்குள்ள கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். போர் முடிந்ததும் பழைய நேரம் திரும்பியது. 1982 ஜனவரி 1 அன்று, சபா சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அரசாங்கம் முள்ளை நகர்த்தியது. நம் மனத்தில் பதிந்த பத்தரையும் பன்னிரண்டும் நகரவில்லை. சூரியனோடு தொடர்பே அறுந்துபோன ஓர் எண்ணுக்குப் பயந்து, காலை முழுக்கப் பிள்ளைகளைப் பையோடு கூடத்தில் உட்கார வைக்கிறோம்.

திருத்திய நேரம் போட்ட நாட்காட்டி வாங்கினால் சரியாகிவிடுமா? 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். அன்றுதான் சுமத்ராவுக்கு அருகில் கடலடி பிளந்து, நாகப்பட்டினத்திலிருந்து நம் கோத்தா கோல மூடா வரை கடல் ஊருக்குள் வந்தது. வேளாங்கண்ணிக்கு நல்ல நாள் என்று வந்தவர்களும் அதில் போனார்கள். அந்தக் கரைகளில் அன்று இல்லாமல் போனது முன்னெச்சரிக்கை. மலேசியா சுனாமி எச்சரிக்கை முறையை அமைத்தது அதற்குப் பிறகுதான். கடலுக்குப் போகிறவன் கேட்க வேண்டியது வானிலை அறிக்கையை. பார்க்க வேண்டியது படகில் எல்லாருக்கும் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்பதை.

என்னை உறுத்துவது இதைவிடக் கனமான ஒன்று. இந்த வட்டாரத்தில் நம் பாட்டன் பாட்டிமார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குள் போக வேண்டும். அட்டையும் பாம்பும் உள்ள காடு. "இன்றைக்கு நவமி, நாளைக்கு வெட்டுகிறேன்" என்று எந்தக் கிராணியிடமாவது சொல்ல முடிந்ததா? சூலம் என்று மலைச்சரிவு நிரையை விட்டுவிட்டுச் சமதள நிரை கேட்க முடிந்ததா? கூலி கொடுப்பவன் கூப்பிட்டபோது எல்லா நேரமும் நல்ல நேரமாக இருந்தது. இன்றும் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை ஷிப்டுக்கு யாரும் ராகு காலம் பார்த்துப் போவதில்லை. பிறருக்காக உழைக்கப் போகும்போது காணாமல் போகிற கிரகம், நாம் நமக்காக இரண்டு நாள் சந்தோஷமாக இருக்கப் போகும்போது மட்டும் வாசலில் வந்து நிற்கிறது என்றால், அந்தக் கிரகத்தை அங்கே நிறுத்தியது நம் பயம்தான்.

அந்தப் பயத்துக்கான விலையை நாம் கொடுப்பதில்லை. வீட்டில் ஒருவர் கொடுக்கிறார். காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். புருஷன் செத்துப் பல வருடமான பாட்டி, பேரன் கையில் பத்து வெள்ளியைத் திணிக்க வாசலுக்கு வருகிறார். "அத்தை, வண்டி கிளம்பட்டும், நீங்க கொஞ்சம் உள்ள இருங்க" என்கிறாள் மருமகள். குரலில் கோபம்கூட இல்லை. பாட்டியும் மறுபேச்சில்லாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். அவருக்கு டிக்கெட் எடுக்கவில்லையா என்று கேட்டால், "வயசான காலத்துல அவங்களுக்கு எதுக்குத் தீவு, வீட்டைப் பாத்துக்க ஆள் வேணும்ல" என்று பதில் வரும். அவர் வெட்டிய பாலில் படித்தவன்தான் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்றும் பெண்களுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். நமக்குப் பக்கத்துக் கரை அது. இத்தனை காலம் கழித்தும், பெற்ற தாயின் முகம் சகுனத்துக்கு ஆகாது என்று நினைக்கிற வீடு நம்மிடையே இருக்கிறது.

இந்தக் குடும்பம் லங்காவியில் இறங்கியதும் எங்கே போகிறது? மசூரி சமாதிக்கு. கள்ள உறவு என்று ஊர்த்தலைவன் மனைவி கிளப்பிய பழியை நம்பி, விசாரணை இல்லாமல் கிரிஸ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்ட பெண் என்கிறது கதை. வெள்ளை இரத்தம் வந்ததால் அவள் குற்றமற்றவள் என்று தெரிந்ததாம். ஏழு தலைமுறைக்குத் தீவு உருப்படாது என்று சபித்தாளாம். இதை வாய்பிளந்து பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் 1821இல் சயாம் படையெடுத்தது கெடா முழுவதன் மீதும். சுல்தானே பினாங்குக்குத் தப்பி ஓட வேண்டியிருந்தது. அந்த அழிவில் லங்காவியும் அழிந்தது. பிறகு அது எழுந்தது 1987இல் தீர்வையில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டதால். சாபம் கழிந்து எழவில்லை.

இரத்தம் சிவப்பாக வந்திருந்தால் அவள் குற்றவாளியா? நெருப்பில் இறங்கிக் காட்டிய சீதை, மதுரையை எரித்துக் காட்டிய கண்ணகி, வெள்ளை இரத்தம் சிந்திய மசூரி என்று அற்புதம் செய்த பெண்களை மட்டுமே நம்பப் பழகிவிட்டோம். அற்புதம் செய்யத் தெரியாத பெண்கள்தான் நம் வீடுகளில் இருக்கிறார்கள். குற்றம் சாட்டுகிறவன்தான் ஆதாரம் தர வேண்டும் என்பதை அந்தச் சமாதி வாசலில் மகனுக்கும் மகளுக்கும் சொல்லுங்கள். டாயாங் பந்திங் ஏரிக்குப் போனாலும், பிள்ளை வரம் கிடைக்கும் என்று, பிள்ளை இல்லாத மருமகளை அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லாதீர்கள். அது சுண்ணாம்புக் குகை இடிந்து உண்டான நன்னீர் ஏரி. குறை ஆணிடமும் இருக்கலாம்; இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்குப் போவதுதான் வழி.

அடுத்த பள்ளி விடுமுறைக்குத் தீவுக்குப் போகிறவர்கள் முதல் டிக்கெட்டைப் பாட்டி பெயரில் எடுங்கள். வீட்டுக்குப் பூட்டு போதும். கிளம்பும்போது அவர் முன்னால் வரட்டும், காரில் முன்சீட்டில் உட்காரட்டும். சகுனம் என்று யாராவது வாயைத் திறந்தால், பிள்ளைகள் காதில் விழும்படி அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.