மேசைமேல் ஒரு போர்

சில வாரங்களுக்கு முன் ஓர் இளைஞர் எம்மைச் சந்திக்க வந்தார். கையில் ஓர் அப்பியாசக் கொப்பி. அதன் பக்கமெல்லாம் அட்டவணைகளும் கோட்டுப் படங்களும். 1879ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் சூலு மக்களுக்கும் இடையே ஆறு மாதமளவில் நடந்து முடிந்த சிறு போர் ஒன்றை மேசைமேல் ஆடுவதற்குத் தாமே விதிகளை ஆக்கி வருவதாகக் கூறினார். செங்கோட்டுச் சிப்பாய்க்கு மஞ்சாடி விதை; சூலு வீரருக்குப் புளியங்கொட்டை; அரணுக்குத் தீப்பெட்டி; நகர்வை அளக்க அடிமட்டம்; சூட்டின் பலனை அறியத் தாயக்கட்டை. எல்லாவற்றையும் விளக்கிய பின் சற்றுத் தயங்கி, "சுவாமி, மனிசர் செத்த சண்டையை விளையாட்டாக்கிறது பாவமோ?" என்று கேட்டார்.

"கொப்பியை வைச்சிட்டுப் போங்கோ, தம்பி. வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றோம். வாசித்தபின் நாம் எண்ணியவற்றை வாசக நேயர்களுடனும் பகிர்ந்துகொள்வது நன்றெனத் தோன்றுகிறது.

போரை மேசைமேல் ஆடுவது புதிய வழக்கமன்று. 1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டின் இளம் படை அதிகாரியான றைஸ்விற்ஸ் என்பவர், தம் தந்தை தொடங்கி வைத்த போர் விளையாட்டைத் திருத்தி நூலாக வெளியிட்டார். வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி, தாயக்கட்டையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, நடுவர் ஒருவர் இழப்பைக் கணக்கிடுவார். அதிகாரிகளைப் பயிற்றுவதே அதன் நோக்கம். பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டில் ஆடுவதற்கு எளிய விதிகளை எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவருடைய நூல் 1913இல் வெளிவந்தது. உண்மைப் போரின் பைத்தியக்காரத்தனத்தைவிட இவ்விளையாட்டு எவ்வளவோ மேல் என்பதே அவருடைய வாதம். மறு ஆண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது.

எமது நண்பரின் கொப்பியில் நாம் கண்ட நன்மையை முதலிற் சொல்லவேண்டும். பாடநூலில் சரித்திரம் படிப்பவன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் நின்றே படிக்கிறான். விதி ஆக்குபவனுக்கு அந்த வசதி கிடையாது. புளியங்கொட்டையை நகர்த்துவதற்கு, சூலு வீரன் எதை விரும்பினான், எதற்கு அஞ்சினான் என்று அவன் ஆராய்ந்தே தீரவேண்டும். அவ்வாறு ஆராய்ந்ததனால்தான், சூலு மன்னர் செற்சுவாயோ தம் படை எல்லையைக் கடந்து நற்றால் நாட்டினுள் நுழையக்கூடாதென்று கட்டளையிட்டிருந்ததை நண்பர் அறிந்துகொண்டார். எதிரியின் இடத்தில் நின்று சிந்திக்கக் கற்பது அறத்தின் பாலபாடம் அல்லவா?

ஆனால் அக்கொப்பியில் மூன்று மௌனங்களையும் கண்டோம்.

முதலாவது, தொடக்கம். நண்பரின் ஆட்டம் முதல் தாயக்கட்டையுடன் தொடங்குகிறது. உண்மைப் போரோ 1878 டிசம்பர் 11ஆந் திகதி ஒரு கடிதத்துடன் தொடங்கியது. தென்னாபிரிக்காவில் ஆங்கில அரசின் உயர் ஆணையாளராக இருந்த சேர் பாட்டில் பிறியர், சூலு மன்னர் தமது படை அமைப்பையே கலைத்துவிட வேண்டுமென்று, அவரால் ஏற்கவே முடியாத நிபந்தனைகளை விதித்தார். லண்டன் அரசு அந்தப் போருக்கு ஒப்புதல் அளித்திருக்கவில்லை. தவணை முடிந்ததும், 1879 ஜனவரி 11ஆந் திகதி படைகள் எல்லையைக் கடந்தன. மேசைமுன் அமரும் இருவரும் சம உரிமையுடன் அமர்கின்றனர். ஆனால் மேசையை விரித்தவர் யார் என்ற கேள்வி விதிகளில் இடம்பெறுவதில்லை.

இரண்டாவது, கணக்கு. நண்பரின் விதிப்படி ஒரு விதை 20 பேருக்குச் சமம். ஜனவரி 22ஆந் திகதி இரவு றோர்க்ஸ் டிறிவ்ற் என்னும் ஆற்றுத் துறையில் நடந்த சண்டையை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சுவீடிஷ் மிஷன் நிலையம். கோவில் பண்டகசாலையாகவும் வீடு மருத்துவமனையாகவும் மாற்றப்பட்டிருந்தன. உள்ளே ஏறத்தாழ 150 பேர். வெளியே 3,000 முதல் 4,000 வரையான சூலு வீரர். காவல் நின்றோரில் 17 பேர் மாண்டனர். பதினொருவருக்கு விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. நண்பரின் கணக்கிலோ 17 பேர் ஒரு விதைக்கும் காணாது! அந்த இரவு முழுவதும் ஆடி முடித்தாலும் மேசையிலிருந்து ஒரு மஞ்சாடியேனும் எடுக்கப்பட மாட்டாது. ஒவ்வொரு விதைக்குள்ளும் இருபது தாய்மாரின் பிள்ளைகள் இருக்கின்றனர் என்பதை எந்த அட்டவணை சொல்லும்?

மூன்றாவது, முடிவு. விடிந்ததும் சூலுப் படை விலகிச் சென்றது. ஆட்டமும் அங்கே முடிகிறது. ஆனால் அன்று காலை, காயமுற்றுக் கிடந்த சூலு வீரர் பலர் கொல்லப்பட்டனர். முந்திய நாள் இசண்டல்வானாவில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற 1,300க்கு மேற்பட்டோர், அவர்களுள் நூற்றுக்கணக்கான ஆபிரிக்கர் உட்பட, மாண்டிருந்தனர். அந்தக் கோபம் இங்கே பழி தீர்த்தது. இதற்கு நண்பரின் கொப்பியில் விதியில்லை. வெற்றிப் புள்ளியை இது கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

அக்காலத்தில் இந்த மௌனங்களைக் கலைத்த ஒருவர் இருந்தார். நற்றாலின் அங்கிலிக்கன் ஆயர் கொலென்சோ. சமயக் கருத்துக்களில் பெரும் சர்ச்சைக்குள்ளானவர். எண்கணிதப் பாடநூல்கள் எழுதிய கணித அறிஞர். இசண்டல்வானாத் தோல்வியின் பின், மார்ச் 12ஆந் திகதி, துயருற்றிருந்த தம் சபையோர் முன் மீக்கா இறைவாக்கினரின் ஆறாம் அதிகாரத்தை விளக்கிப் பேசினார். சூலு நாட்டினுள் நாம் நுழைந்ததில் நீதி எங்கே, இரக்கம் எங்கே என்று வினவினார். சொந்தச் சனங்களை இழந்தோர் முன்னிலையில் எதிரியின் இழப்பையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். கணக்குத் தெரிந்த அந்த மனிதருக்கு, கணக்கில் விடுபட்டது எது என்பதும் தெரிந்திருந்தது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. அப்போருக்கு உதவியாக, இலங்கையில் நிலைகொண்டிருந்த 57ஆம் காலாட்படைப் பிரிவு இங்கிருந்து கப்பலேறிச் சென்று சண்டையிட்டது. அதுபோகட்டும், போர் என்றால் என்னவென்று எமது வாசகருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மனிதரை எண்ணாக மாற்றும் பழக்கம் மேசையோடு நிற்பதில்லை என்பதை நாம் அறிவோம். மெய்யான போரை நடத்துவோரும் வரைபடத்தின்முன் நின்றே நடத்துகின்றனர். அவர்களுடைய அட்டவணைகளிலும் "இழப்பு" என்று ஒரு நிரல் உண்டு. தாய் என்றொரு நிரல் இல்லை.

ஆகவே, நண்பர் மறுபடி வந்தபோது நாம் கூறிய விடை இதுதான்: விளையாடுவது பாவமன்று. விதிகள் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். இல்லாவிடில் விளையாட்டே இல்லை. விட்டதை இல்லையென்று நம்பத் தொடங்குவதே தீங்கு. எனவே கொப்பியின் முதற் பக்கத்தில் அந்த டிசம்பர்க் கடிதத்தைப் பற்றி எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் விடிந்தபின் நடந்ததை எழுதுங்கள். ஆடவரும் நண்பர் இரண்டையும் வாசித்த பிறகே விதைகளைத் தொடட்டும்.

"அப்பிடிச் செய்தா விளையாட்டின்ர ருசி குறைஞ்சுபோகுமே, சுவாமி?" என்றார்.

"கொஞ்சம் குறையத்தான் வேணும், தம்பி" என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. கொப்பியை வாங்கி, கடைசியில் எத்தனை தாள் வெறுமையாக இருக்கின்றன என்று புரட்டிப் பார்த்துக்கொண்டே சென்றார். விளையாடாத நாமும், செய்தித்தாளில் ஓர் எண்ணைக் காணும்போது அவ்வாறு ஒரு கணம் நின்று பார்க்கக் கற்றுக்கொள்வோமாக.